காற்றும் தவக்குலும்

"தக்தீர்படி நடக்கும்" என்று சொல்லிவிட்டால் மனிதனின் பொறுப்பு தீர்ந்துவிடுமா? பழைய கேள்விதான். ஒரு ஹெலிகாப்டர் விபத்தை வைத்து அதைச் சற்றுச் சிந்திப்போம்.

2017 மே 25 அன்று மகாராஷ்டிரத்தின் லாத்தூர் மாவட்டத்து நிலங்காவில், முதலமைச்சர் தேவேந்திர ஃபட்னவிஸ் ஏறிய ஹெலிகாப்டர் புறப்பட்ட சற்று நேரத்தில் மின்கம்பிகளில் சிக்கி விழுந்தது. காற்றின் போக்கு மாறியதால் விமானி மீண்டும் இறங்க முயன்றார் என்று அன்று கூறப்பட்டது. அல்ஹம்துலில்லாஹ், உள்ளிருந்த யாவரும் உயிர் பிழைத்தனர்.

ஹெலிகாப்டர் தரையை ஒட்டி நிற்கையில், அதன் விசிறி தள்ளும் காற்று தரையில் மோதி மெத்தைபோல் தாங்குகிறது. முன்னோக்கிச் சென்று மணிக்குச் சுமார் 30 கிலோமீட்டர் வேகம் பிடித்தால் தூக்கும் வலிமை கூடும். விசாலமான மைதானத்தில் இதற்கு இடமுண்டு. சுற்றிலும் மரமும் சுவரும் கம்பியும் இருந்தாலோ நேராக மேலேதான் ஏற வேண்டும். மெத்தையும் போயிற்று, வேகமும் இல்லை. எஞ்சினின் முழு வலிமையும் தேவைப்படும் அந்தச் சில விநாடிகளில் எதிர்க்காற்று திடீரென ஓய்ந்தாலோ, பின்புறமிருந்து அடித்தாலோ, வண்டி அமுங்கிவிடும். கோடைச் சூட்டில் காற்று லேசாகிவிடுவதால் தாங்கும் சக்தி இன்னும் குறையும். காஞ்சிபுரத்தில் கோபுரத்தடியில் நடந்தவர்களுக்குத் தெரியும். தெருவில் சீராக வந்த காற்று அங்கே சுழன்று திசை மாறி அடிக்கும். உயர்ந்த எதன் அருகிலும் காற்றுக்கு அதுவே இயல்பு.

ஆகவே தேர்ந்த விமானி, சில அடி உயரத்தில் நிறுத்தி எஞ்சினில் மிச்ச வலிமை எவ்வளவு என்று பார்ப்பார். போதாவிட்டால் சுமையைக் குறைப்பார், அல்லது வெயில் தாழக் காத்திருப்பார். இது ஈமானின் பலவீனமா? காஞ்சியில் பட்டையும் ஜரிகையையும் நிறுத்துக் கொடுத்து, நெய்த சேலையை நிறுத்து வாங்குகிறார்கள். அமானிதத்தின் கணக்கு அது. உயிரைச் சுமப்பவர் எடை பார்ப்பது மட்டும் தவக்குலுக்கு எப்படிக் குறைவாகும்?

ஹழ்ரத் உமர் (ரலி) அவர்கள் ஷாம் தேசம் செல்லும் வழியில், ஸர்க் என்னுமிடத்தில் கொள்ளைநோய்ச் செய்தி கேட்டு, பலரிடமும் ஆலோசித்துப் பயணத்தைத் திருப்பினார்கள். விதியை விட்டு ஓடுவதா என்று அபூ உபைதா (ரலி) அவர்கள் வினவியபோது, அல்லாஹ் விதித்த ஒன்றிலிருந்து அவன் விதித்த மற்றொன்றுக்கே செல்வதாக விளக்கினார்கள். இச்சம்பவத்தை நாம் அடிக்கடி பேசுகிறோம். திரும்பலாம் என்று சொன்னவர் கலீஃபாவே என்பதைத்தான் கவனிப்பதில்லை. அதிகாரம் உடையவரே திரும்பினால் கீழே உள்ளவருக்குச் சங்கடமில்லை. தலைவர் பின்னால் அமர்ந்து கடிகாரத்தைப் பார்க்கும்போது "இப்போது முடியாது" என்று சொல்ல ஊழியருக்கு எத்தனை நெஞ்சுரம் வேண்டும்! (நிலங்காவைக் குறித்தன்று, பொதுவாகவே சொல்கிறேன்.) அந்தச் சொல்லை அவர் வாயில் அடைத்துவிட்டுப் பிறகு விதி என்பவர், தம் பங்கையும் விதியின் தலையில் ஏற்றுகிறார்.

நம்மில் ஹெலிகாப்டர் ஏறுபவர் யார் என்று கேட்பீர்கள். நிக்காஹுக்கு வேன் பிடித்து, ஒன்பது பேர் இடத்தில் பதினான்கு பேரை ஏற்றி, டிரைவர் முனகினால் "பிஸ்மில்லாஹ் சொல்லி எடுங்க பாய்" என்கிறோமே! அடுத்த முறை வாடகையை முன்னதாகவே கையில் கொடுத்துவிட்டு, எத்தனை பேர் ஏறலாம் என்று அவரிடமே கேட்டுப் பாருங்கள்.