பச்சை முகம்

எக்ஸ்பிரஷனிஸ ஓவியத்தில் மனித உருவம் ஏன் கோணலாகிறது என்று கேட்டால் நம்மிடம் தயாராக ஒரு பதில் உண்டு: உள்ளே இருக்கும் வேதனை வெளியுருவத்தை நெளிக்கிறது. நானும் வெகுநாள் இதையே சொல்லிக்கொண்டிருந்தேன். யாருடைய வேதனை என்று கேட்டுக்கொண்டதில்லை.

1905இல் டிரெஸ்டனில் கிர்ஷ்னர், ஹெக்கல் முதலிய நான்கு கட்டடக்கலை மாணவர்கள் 'பாலம்' என்று ஒரு குழுவைத் தொடங்கினார்கள். கலைப்பள்ளி மாடல்களின் பழகிப்போன நிலைகள் அவர்களுக்குப் பொய்யாகப் பட்டன. கால் மணிக்கொரு முறை நிலையை மாற்றச் சொல்லி வேகமாக வரைந்தார்கள். பயிற்சி பெறாத உடம்பு பொய் சொல்லாது என்பது நம்பிக்கை. அந்த நம்பிக்கை 1909 வாக்கில் ஃப்ரென்ஸி என்ற சிறுமியிடம் வந்து நின்றது. அவள் பிறந்தது 1900இல்.

1910இல் கிர்ஷ்னர் அவளைத் தீட்டிய படம் மாட்ரிடின் தைஸன் மியூசியத்தில் இருக்கிறது. நான் பார்த்தது அச்சுப் பிரதிதான். அவள் முகம் பச்சை, முகமூடி மாதிரி. பின்னால் இருக்கும் நாற்காலி மனித உருவாகச் செதுக்கியது. சதையின் இளஞ்சிவப்பு அந்த மரத்துக்குத்தான் கிடைத்திருக்கிறது. படம் என்ற அளவில் அது மகத்தான துணிச்சல். ஆனால் இந்த இடமாற்றத்தில் அவளுக்கு என்ன பங்கு? அவளுடைய குடும்பப் பெயர்கூட 1990களின் நடுவில்தான் தெரியவந்தது. அதுவரை அவள் விமர்சகர்களுக்கு 'ஆதி இயல்பு', அவ்வளவே.

இப்படிக் கேட்பதில் ஆபத்து உண்டு. 1937இல் மூனிக்கில் நாஜிகள் இந்த ஓவியங்களைச் 'சீரழிந்த கலை' என்று மாட்டி, மனிதன் இப்படியா இருப்பான் என்று சிரிக்கவைத்தார்கள். என் கேள்வி அதுவல்ல. உருவம் கோணலாகலாம். மாட்டேன் என்று சொல்ல முடியாதவரின் உருவத்தில் ஓவியன் தன் உண்மையைத் தேடலாமா என்பதுதான் கேள்வி.

1915இல் கிர்ஷ்னர் தன்னையே போர்வீரனாகத் தீட்டிக்கொண்டார், கை துண்டிக்கப்பட்டதாக. நிஜத்தில் அவர் கையை இழக்கவில்லை. ஆனாலும் அந்தப் படத்தை நான் சந்தேகிப்பதில்லை. அங்கே வெட்டுண்டது அவருடைய கை.

பச்சை முகத்தை இன்றும் எடுத்துப் பார்க்கிறேன். படம் சிறுத்துவிடவில்லை. பழைய நிம்மதியோடு பார்க்கத்தான் முடியவில்லை.