கோபுரம் இல்லாத தலம்

பழைய திரைப்படம் ஒன்று எடுக்கப்பட்ட இடங்களைத் தேடிச் சென்று பார்ப்பவர் அங்கே உண்மையில் எதைக் காண்கிறார் என்ற கேள்வி சுற்றுலாவைச் சார்ந்ததாகத் தோன்றினாலும், யாத்திரை என்னும் தொன்மையான சமயச் செயலின் வேரையே தொடுகிறது. ஏனெனில் ஓர் இடம் தன்னளவிலேயே புனிதத்தைத் தாங்கி நிற்கிறதா, அல்லது வருகிறவர் தம் நினைவில் சுமந்து வந்ததை அதன்மேல் ஏற்றி, ஏற்றியதையே கண்டு திரும்புகிறாரா என்னும் ஐயம் இரண்டுக்கும் பொதுவானது. இந்த ஐயத்தை ஆராய ஆல்ஃபிரட் ஹிட்ச்காக்கின் ‘வெர்டிகோ’ (1958) மிகவும் வாய்ப்பான எடுத்துக்காட்டு.

உயரத்தைக் கண்டால் தலைசுற்றும் முன்னாள் துப்பறிவாளன் ஸ்காட்டி, மேடலின் என்னும் பெண்ணைச் சான் ஃபிரான்சிஸ்கோ நகரெங்கும் பின்தொடர்கிறான். ஒரு தேவாலயக் கோபுரத்திலிருந்து அவள் விழுந்து இறந்துவிட்டதாக நம்பியபின், அவளைக் கண்ட உணவகத்துக்கும் ஓவியக்கூடத்துக்கும் பூக்கடைக்கும் திரும்பத் திரும்பச் செல்கிறான். படப்பிடிப்பு இடங்களைத் தேடும் ரசிகரின் செயல் இவ்வாறு படத்துக்குள்ளேயே முன்கூட்டி நடந்து முடிந்துவிடுகிறது. பிரெஞ்சு இயக்குநர் கிறிஸ் மார்க்கர் ‘சான் சோலேய்’ (1983) என்ற தம் படத்தில் இதே இடங்களை ஒவ்வொன்றாகத் தேடிச் சென்றபோது, அறிந்தோ அறியாமலோ ஸ்காட்டியின் பாத்திரத்தையே ஏற்றார்.

தேடிச் செல்பவருக்குக் கிடைப்பது என்ன? மேடலின் மறைந்துபோகும் பழைய விடுதியாகக் காட்டப்பட்ட மாளிகை 1959இல் இடிக்கப்பட்டது. ஓவியக்கூடத்தில் அவள் எதிரே அமர்ந்து பார்க்கும் கார்லோட்டா என்னும் பெண்ணின் ஓவியம் படத்துக்காகவே வரையப்பட்டது. ரெட்வுட் மரக்காட்டுக் காட்சி மூயர் வுட்ஸ் காட்டில் எடுக்கப்பட்டது என்று பலர் எண்ணினாலும், அது பதிவானது தொலைவிலுள்ள பிக் பேசின் பூங்காவில். அந்தப் பூங்காவும் 2020இல் பெருந்தீக்கு இரையானது. எல்லாவற்றுக்கும் மேலாக, கதையின் உச்சம் நிகழும் சான் ஹுவான் பவுதிஸ்தா தேவாலயத்தில், படம் எடுக்கப்பட்ட காலத்தில் அந்தக் கோபுரமே இல்லை. திரையில் தெரியும் கோபுரம் ஓவியத்தாலும் ஸ்டுடியோ அரங்கத்தாலும் உருவாக்கப்பட்டது. ஆக, யாத்திரையின் கருவறைக்கு ஒப்பான இடம் வெற்றுவானம்.

முன்பு கண்ட ஒன்று நினைவின் வடிவில் வேறோர் இடத்தில் தோன்றுவதை ‘அத்யாசம்’ என்று, அதாவது ஒன்றன்மேல் மற்றொன்றை ஏற்றிக் காண்பது என்று, பிரம்ம சூத்திர உரையின் முகவுரையில் சங்கரர் விளக்குகிறார். வெற்றுவானத்தில் கோபுரத்தைக் காண்பவருக்கு இதைவிடப் பொருத்தமான இலக்கணம் அமைவது அரிது. ஆயினும் இங்கே ஒரு சிக்கல் உண்டு. கயிற்றைப் பாம்பென்று மயங்கியவன் விளக்கைக் கொண்டுவந்து பார்த்ததும் பாம்பு மறைந்துவிடுகிறது. ஆனால் கோபுரம் பொய் என்று முன்பே படித்துத் தெரிந்துகொண்டு வருகிற ரசிகருக்கு அந்த அறிவால் எதுவும் மறைவதில்லை. இதற்கும் அத்வைத மரபில் ஓர் இடம் இருக்கிறது. செம்பருத்திப் பூவின் அருகே வைத்த படிகம், தான் நிறமற்றது என்பதைப் பார்ப்பவர் அறிந்திருந்தாலும், பூ அகலும்வரை சிவப்பாகவே தோன்றும். அருகிருந்து தன் தன்மையை மற்றொன்றில் ஏற்றிக்காட்டும் அந்தப் பூவை ‘உபாதி’ என்றும், அத்தகைய மயக்கத்தைச் ‘சோபாதிக பிரமை’, அதாவது உபாதியோடு கூடிய மயக்கம் என்றும் வேதாந்த நூல்கள் பிரித்துக் கூறுகின்றன. திரைப்பட யாத்திரையைக் கயிற்றுக் கணக்கில் சேர்த்து நகைப்பவர்கள் இந்த வேறுபாட்டைக் கவனிப்பதில்லை. அது படிகக் கணக்கைச் சேர்ந்தது. நினைவே அங்குப் பூ.

சமய யாத்திரைக்கும் இது பொருந்துமா என்றால், பொருந்தும் என்றே சொல்லவேண்டும். 4ஆம் நூற்றாண்டில் எருசலேமுக்குத் தாமே சென்றுவந்த ஆயர் நிஸ்ஸா கிரிகோரி, இடம் மாறுவதால் கடவுள் நெருங்கிவிடுவதில்லை என்று எழுதினார். பிரெஞ்சுச் சமூகவியலாளர் மோரிஸ் ஹால்ப்வாக்ஸ் 1941இல் வெளியிட்ட நூலில், பாலஸ்தீனத்தின் புனித இடங்கள் பிற்கால நம்பிக்கைச் சமூகங்களின் கூட்டு நினைவால் வரையறுக்கப்பட்டவை என்று வாதிட்டார். ஆனால் அந்த நினைவு தனிமனிதருடையதன்று. தலைமுறைகள் கைமாற்றித் தந்தது, வருகிறவரிடம் நோன்பையும் பாவ அறிக்கையையும் நேர்த்தியையும் எதிர்பார்ப்பது. படப்பிடிப்புத் தலமோ வருகிறவரிடம் எதையும் கேட்பதில்லை. ஒரு நிழற்படத்தோடு கடன் தீர்ந்துவிடுகிறது. இரண்டுக்குமான வேறுபாட்டை வரலாற்று உண்மையில் தேடுவதைவிட இந்தக் கேட்பில் தேடுவதே தகும்.

மயக்கம் குற்றமாவது வேறோர் இடத்தில். ஜூடி என்னும் பெண்ணைப் பின்னர்ச் சந்திக்கும் ஸ்காட்டி, சாம்பல்நிற உடையையும் கூந்தல் நிறத்தையும் கொண்டையையும் ஒவ்வொன்றாக மாற்றி அவளை மேடலினாகவே ஆக்க முனைகிறான். மேடலினாக நடித்தவளே ஜூடிதான் என்பது அவனுக்கு அப்போது தெரியாது. படிகத்தின் சிவப்பைக் கண்டு மகிழ்வதோடு நில்லாமல், படிகத்துக்கே சாயம் பூசத் துணியும் செயல் அது. அதன் விலையாக ஜூடி உயிரிழக்கிறாள். கோபுரம் இல்லையே என்று சினந்து திரும்பும் ரசிகரும், தம் மரபின் கதைக்கு ஒத்துவரும்படி ஓர் ஊரின் மண்ணைத் திருத்த முனையும் பக்தரும் அவனுடைய வழியில் நடப்பவர்களே.

1803இல் அடிக்கல் நாட்டப்பட்டு 1812இல் கட்டி முடிக்கப்பட்ட சான் ஹுவான் பவுதிஸ்தா தேவாலயத்தில் இன்றும் திருப்பலி நடைபெறுகிறது.