கண்ணாடிக்குள் கடல்

கூடுவாஞ்சேரி இல்லறத்தார் சிலர், வீட்டில் கடல்நீர்த் தொட்டி அமைத்துப் பவளம் வளர்க்கலாமா என வினவுகின்றனர். பவளத்தை நம் ஆகமங்கள் ஓரறிவுடைய நிலக்காய உயிருள் வைத்தன. விலங்கியலார் விலங்கென்றே கூறுவர். எவ்வாறாயினும் உயிரே. கட்டிவைத்தல் கொல்லாமை விரதத்தின் ஐந்து அதிசாரங்களுள் ஒன்றெனத் தத்துவார்த்த சூத்திரம் உரைக்கும்.

புதுத்தொட்டியில் அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றும் பாக்டீரியா பெருகச் சில வாரங்கள் ஆகும். அதற்குள் மீனை இடுதல், நஞ்சில் இடுதலே. மின்சாரம் நின்றாலோ (நம் புறநகரில் அது புதிதன்று!) நீரில் உயிர்வளி குன்றும்.

2001 முதல் பவளப்பாறை உயிர்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன. கடலிலிருந்து பெயர்த்தல் குற்றம். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சூழ அவை தம் இல்லத்திலேயே வாழ்கின்றன. குழந்தைகளை மண்டபம் கரைக்கு அழைத்துச் சென்று அக்கடலைக் காட்டுங்கள்.