பெயர் எழுதாத டப்பா

துப்பாக்கி எனக்கு ஆகாது. என் கதைகளில் ஒருவன் சாக வேண்டியிருந்தால் காய்ச்சலிலோ கிணற்றிலோ சாவானே தவிர, குண்டடி பட்டுச் சாகமாட்டான். அப்படிப்பட்ட நான், 2022ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தில் மகள் வீட்டில் தங்கியிருந்தபோது, அடுத்த வீட்டுப் பெரியவருடன் துப்பாக்கி சுடுவோர் சங்கம் ஒன்றுக்குப் போய்வர நேர்ந்தது. போனது மரியாதைக்காகத்தான். ஆனால் தானம் என்பதைப் பற்றி நான் கொண்டிருந்த ஒரு தீர்மானம் அங்கே ஆட்டம் கண்டுவிட்டது.

சங்கம் என்றால் பெரிய கட்டடமல்ல. காட்டோரமாக ஒரு மண்மேடு. அதற்கு எதிரே நீண்ட கொட்டகை. கொட்டகைச் சுவரில் ஒரு பலகைத் தட்டு. அதன்மேல் பழைய காப்பித்தூள் டப்பாக்கள். ஒவ்வொன்றிலும் சுட்டு முடித்த தோட்டாக்களின் பித்தளைக் கூடுகள், அளவுவாரியாகப் பிரித்துச் சுத்தம் செய்யப்பட்டுப் பளபளவென்று இருந்தன. ஒரு டப்பாவில் ஈயக் குண்டுகள். “வேண்டியவர் எடுத்துக்கொள்ளலாம்” என்று ஒரு சீட்டு. யார் வைத்தது என்று கேட்டேன். பெரியவர் கையை விரித்தார். “யாரோ. நானும் சில சமயம் வைப்பேன். அதைக் கேட்கிற வழக்கமில்லை.”

கோயிலுக்கு ஒரு மின்விசிறி கொடுத்துவிட்டு மூன்று இறக்கைகளிலும் பெயர் எழுதி வைக்கிற ஊரிலிருந்து போனவன் நான். எனக்கு அது அதிசயமாக இருந்ததில் அதிசயமில்லை.

இவர்கள் தங்கள் தோட்டாக்களைத் தாங்களே செய்துகொள்கிறவர்கள். தோட்டாவில் நான்கு உறுப்புகள் உண்டு: பித்தளைக் கூடு, அதன் அடியில் பொருத்திய பிரைமர் என்கிற சிறிய கேப்பு, உள்ளே மருந்து, நுனியில் குண்டு. சுட்ட பிறகு மீண்டும் பயன்படுவது கூடு ஒன்றுதான். விலை கூடியதும் பெரும்பாலும் அதுதான். அதை எறிய மனமில்லாதவர்கள் கார் நிறுத்தும் அறையின் மூலையில் ஒரு சிறிய அழுத்து இயந்திரத்தை வைத்துக்கொள்கிறார்கள். சுட்டதில் வீங்கிப்போன கூட்டை அச்சில் இட்டுப் பழைய அளவுக்குக் கொண்டுவந்து, புதுப் பிரைமரை அழுத்தி, மருந்தை நிறுத்துப் போட்டு, குண்டைப் பொருத்துகிறார்கள். நிறுக்கும் அளவுக்குக் கிரெய்ன் என்று பெயர். 7000 கிரெய்ன் ஒரு பவுண்டு. ஒரு கிரெய்ன் நம் குன்றிமணியில் ஏறத்தாழப் பாதி. பார்த்துக்கொண்டிருந்தபோது எனக்குத் தட்டாரின் பட்டறைதான் ஞாபகம் வந்தது. பணத்தை மிச்சம் பிடிக்கத்தான் எல்லோரும் இதில் இறங்குகிறார்களாம். மிச்சம் பிடித்தவர் எவரையும் தான் பார்த்ததில்லை என்று பெரியவர் சொன்னார்.

2020இல் கொள்ளைநோய் வந்தது; அதே ஆண்டு தேர்தலும் வந்தது. மக்கள் அச்சத்தில் தோட்டாக்களை வாங்கிக் குவித்தார்கள். கடைகளில் பிரைமர் கண்ணில் படவில்லை. ஆயிரம் 30, 40 டாலருக்குக் கிடைத்தது 100 டாலரையும் தாண்டியது. பதுக்கியவர்களும் கொள்ளை லாபம் பார்த்தவர்களும் இருந்தார்கள். மனிதர்கள் உள்ள இடத்தில் அது இல்லாமல் போகுமா? ஆனால் அதே சமயத்தில் தட்டின்மேல் டப்பாக்களும் நிறைந்துகொண்டிருந்தன. புதிதாகத் தொடங்குகிற, முன்பின் பார்த்திராத ஒருவனுக்குக் குண்டுகளையும் கூடுகளையும் தபாலில் அனுப்புகிறவர்களும் இருந்தார்கள். அங்கே தபால் இலாகாவில் ஒரு வகைப் பெட்டி உண்டு. 70 பவுண்டு வரை எடை எவ்வளவானாலும் கட்டணம் ஒன்றுதான். அதில் ஈயத்தை அடைத்து அனுப்பினால், தூக்கிக்கொண்டு வருகிற தபால்காரர்தான் பாவம். பிரைமரும் மருந்தும் அப்படித் தபாலில் போகக்கூடாது. அவற்றை நேரில்தான் கொடுக்க வேண்டும்.

பெற்றவன் எப்படித் திருப்பித் தருவது என்று கேட்டால், “நாளைக்கு இன்னொருவன் தொடங்குவான், அவனுக்குக் கொடு” என்பதுதான் பதில். 1784இல் பாரிஸ் அருகே இருந்த பெஞ்சமின் பிராங்க்ளின், கஷ்டத்திலிருந்த ஒருவருக்குப் பத்துப் பொற்காசு அனுப்பியபோது இதே நிபந்தனையைத்தான் விதித்தார். பணத்தைத் தமக்குத் திருப்ப வேண்டாம். தம்மைப்போல் முடைப்பட்ட வேறொரு நேர்மையான மனிதரைக் கண்டால் அவருக்குக் கொடுத்து, அவரையும் அப்படியே செய்யச் சொல்ல வேண்டும் என்று எழுதினார். கையில் அதிகம் இல்லாதவன் அதிகம் நன்மை செய்வதற்கு இது ஒரு தந்திரம் என்று வேடிக்கையாகவும் சொல்லிக்கொண்டார்.

12ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த யூத ஞானி மைமோனிடிஸ் தர்மத்துக்கு எட்டுப் படிகள் வகுத்தார். கொடுப்பவனும் பெறுபவனும் ஒருவரையொருவர் அறியாதது இரண்டாம் படி. ஒருவனைத் தன் காலில் நிற்கச் செய்வது அதற்கும் மேலே, முதல் படி. காப்பி டப்பா இரண்டாம் படியில் இருந்துகொண்டே முதல் படியை எட்டிப் பார்க்கிறது என்று எனக்குத் தோன்றியது. பெயர் மறைந்த தானமே தூய்மையான தானம் என்று இளமையிலிருந்து நம்பி வந்தவனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

அந்த மகிழ்ச்சி இரண்டு வாரம் நீடித்தது.

சங்கத்தில் நெடுங்காலம் இருந்த ஒருவர் காலமானார். அவருடைய மனைவி, கணவர் செய்து வைத்திருந்த தோட்டாக்களைப் பெட்டி பெட்டியாகக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார். ஒவ்வொரு பெட்டியிலும் தேதி, மருந்தின் பெயர், எத்தனை கிரெய்ன், என்ன குண்டு என்று அழகான கையெழுத்தில் குறிப்பு. இறந்தவரை எல்லோரும் அண்ணனைப்போல் மதித்தவர்கள். ஆனால் ஒருவரும் அந்தத் தோட்டாக்களைத் துப்பாக்கியில் இடவில்லை. சுத்தியல் போன்ற ஒரு கருவி இருக்கிறது. அதன் தலைக்குள் தோட்டாவை மாட்டிக் கட்டையில் ஓங்கித் தட்டினால் குண்டு கழன்று விழும். நான்கு பேர் உட்கார்ந்து பிற்பகல் முழுவதும் தட்டினார்கள். குண்டுகளையும் கூடுகளையும் தட்டில் வைத்தார்கள். மருந்தைப் புல்தரையில் மெல்லத் தூவிவிட்டார்கள். புல்லுக்கு அது எருவாம்.

எனக்கு மனசு ஒப்பவில்லை. இறந்த நண்பனிடம் இத்தனை அவநம்பிக்கையா? பெரியவர் விளக்கினார். 38 ஸ்பெஷல் என்ற தோட்டா கறுப்பு மருந்துக் காலத்தில் பிறந்தது, கூடு பெரியது. இலக்குப் பார்த்துச் சுட இன்றைய மருந்து 3 கிரெய்னுக்கும் குறைவாகப் போதும். அது கூட்டின் அடியில் ஒட்டிக்கொண்டு கிடக்கும். கைதவறி இரண்டு தடவை போட்டுவிட்டாலும் வழியாது. குண்டை மூடிய பிறகு வெளியே ஒன்றும் தெரியாது. சுடுகிறவன் கையிலேயே துப்பாக்கி வெடித்துவிடும். மருந்து போட மறந்தாலும் ஆபத்துதான். பிரைமரின் வேகத்தில் குண்டு பாதிக் குழலில் போய் நிற்கும், அது தெரியாமல் அடுத்ததைச் சுட்டால் குழல் பிளக்கும். மருந்துகளிலும் விரைவாக எரிவது, நிதானமாக எரிவது என்று பல உண்டு. கண்ணுக்கு எல்லாம் கரிய துணுக்குகள்தான்.

“கூட்டை நான் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கலாம். விரிசல் இருந்தால் எறிந்துவிடலாம். முடித்த தோட்டாவில் அவருடைய அன்றைய மாலை இருக்கிறது. அன்று அவர் தூங்கி விழுந்தாரா, தொலைபேசி மணி அடித்ததா என்று நான் எப்படிப் பார்ப்பது?” என்றார் பெரியவர்.

பெற்றவன் சோதித்துப் பார்க்கக்கூடிய பொருளுக்குக் கொடுத்தவன் பெயர் தேவையில்லை. சோதிக்க முடியாத இடத்தில், நான் செய்தேன் என்று எதிரே வந்து நிற்க ஒரு மனிதன் வேண்டும். செத்துப்போனவர் வந்து நிற்க முடியாது. பெயரை மறைப்பது எப்போதுமே அடக்கம்தான் என்று எண்ணியிருந்தேன். சில சமயம் அது நழுவிக்கொள்வதாகவும் ஆகிவிடுகிறது.

எனக்கு வேறொரு முள்ளும் உறுத்திக்கொண்டிருந்தது. 2021ஆம் ஆண்டில் மட்டும் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,830 பேர். அவர்களில் 26,328 பேர் தற்கொலை செய்துகொண்டவர்கள். பசித்தவனுக்குச் சோறு போடுகிறவன் அவன் யாரென்று விசாரிக்காமலிருப்பது மேன்மை. குண்டு கொடுக்கிறவனும் விசாரிக்காமல் இருக்கலாமா? கேட்டுவிட்டேன்.

பெரியவர் கோபித்துக்கொள்ளவில்லை. கெட்ட எண்ணமுள்ளவன் மாலை முழுவதும் உட்கார்ந்து ஐம்பது தோட்டா செய்துகொண்டிருக்கமாட்டான், கடையில் வாங்குவான் என்றார். அது வாதம்தான்; பதிலல்ல. தன்னையே மாய்த்துக்கொள்கிறவனுக்கு ஐம்பது வேண்டியதில்லையே. அவருக்கும் அது தெரிந்திருந்தது. சிறிது நேரம் கழித்து, தாமாகவே வேறொன்று சொன்னார். சில ஆண்டுகளுக்கு முன் சங்கத்து ஆள் ஒருவர், மனைவி பிரிந்துபோன பிறகு, சரியாகப் பேசுவதில்லை. தட்டில் டப்பா வைக்கிற இவரும் இன்னொருவரும் அவர் வீட்டுக்குப் போய் இரவு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்கள். கிளம்பும்போது, “கொஞ்ச நாளைக்கு எங்களிடம் இருக்கட்டும்” என்று அவர் சம்மதத்தோடு துப்பாக்கிகளை எடுத்து வந்துவிட்டார்கள். எட்டு மாதம் கழித்துத் திருப்பிக் கொடுத்தார்களாம்.

“அதைப் பெயர் சொல்லாமல் செய்ய முடியுமா?” என்று கேட்டார்.

தட்டிலிருந்து கூடுகளை அள்ளிக்கொண்டு போகிறவர்களில் எத்தனை பேருடைய வாசல் இவர்களுக்குத் தெரியும்? அதை நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது.

ஊருக்குப் புறப்படுவதற்கு முந்தின நாள் மறுபடியும் அவருடன் போனேன். இறந்தவரின் கூடுகளை வைத்திருந்த டப்பா காலியாக இருந்தது. பெரியவர் அதைத் தலைகீழாகத் தட்டி, தூசியை ஊதிவிட்டு, தட்டிலேயே திரும்ப வைத்தார்.