ஆடலும் உடலுள நலமும்

மக்கள் யாக்கை இகழத்தக்கதோ பேணத்தக்கதோ என்னும் வினா அறிஞர்களால் தொன்றுதொட்டு ஆராயப்பட்டு வருவதாகும். அதன் நிலையாமை நோக்கி இகழ்ந்தார் உளர். ஆயினும், தனு கரண புவன போகங்கள் நான்கும் உயிர்கள் மலவிருளின் நீங்கி உய்தற்பொருட்டு இறைவன் மாயையினின்றும் உதவியருளியவை என்பது சைவ சித்தாந்தத் துணிபு. ஆகவே, உதவிய கருவியைப் பேணாது கெடவிடுதல் உதவியோனை மதித்தலாகாது. இம்முறையில் வைத்து, ஆடற்கலையால் உடற்கும் உள்ளத்திற்கும் எய்தும் நலம் ஈண்டு ஆராயப்படுகின்றது.

ஆடல் அழகும் இளமையும் உடையார்க்கே உரியதென்பது உலகோர் பலர் கருத்து. அது பொருந்தாது. விழுப்புரத்தைச் சார்ந்த பகுதியில், எண்ணாயிரம் என்னும் ஊருக்கு அணித்தாயுள்ள பிரமதேசத்திலே, பிரமபுரீசுவரர் கோயில் முதலிய சோழர் காலத்துக் கற்றளிகள் உள்ளன. அக்காலத்துக் கற்றளிகளிலே கபோதத்தின்கீழ்ப் பூதகணங்களை வரிசையாக அமைத்தல் சிற்பியர் மரபு. குறுந்தாளும் பெருவயிறும் உடைய அக்கணங்கள் ஆடுவனவும் பாடுவனவும் கருவி இசைப்பனவுமாகக் காட்டப்படும். தசை வற்றிய பிருங்கி முனிவரோ மூன்றாங்கால் பெற்று ஆடினார். காரைக்காலம்மையார் என்புருவாய்த் திருவாலங்காட்டுத் திருக்கூத்தின் கீழிருந்து பாடினார். இவற்றால், இறைவன் திருமுன் எவ்வகை யாக்கையும் விலக்கப்படுவதன்று என்பது பெறப்படும்.

இனி, ஆடலின் பயன் யாதெனின், கூறுதும். ஆடுங்கால் மூச்சு வலுப்பெறும், குருதியோட்டம் விரையும், தாளும் தோளும் உறுதியெய்தும், உடல் நிலைதடுமாறாது நிற்கப் பழகும். அடவின் வரிசையை நினைவில் இருத்தி, தாளத்தைச் செவியால் உணர்ந்து, கையும் கண்ணும் ஒருவழிப்படச் செலுத்துதலின் மனம் புறத்தே ஓடாது அடங்கும். 2003-ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவ இதழொன்றில் வெளிவந்த ஆராய்ச்சி, 75 வயது கடந்த 469 பேரைத் தொடர்ந்து நோக்கி, ஆடும் வழக்கமுடையாரிடத்து முதுமை மறதிநோய் குறைந்து காணப்பட்டதென்று கூறிற்று. எனினும், இரண்டு ஒருங்கு காணப்படுதல் மாத்திரையானே ஒன்று மற்றொன்றற்குக் காரணமாய்விடாது. ஆதலின் இதனை மிகைபடக் கொள்ளற்க. அரைமண்டியில் அளவிறந்து நிற்பின் முழங்கால் நோதலும் உண்மையான், வலிமைக்கேற்ப ஆடுதலே முறை.

அற்றேல், ஆடல் புலன்களைக் கிளர்வித்து ஒழுக்கத்தைக் கெடுக்குமன்றோ, அதனைத் தொழிலாகக் கொண்ட பெண்டிர் நிலையே சான்றன்றோ எனின், அன்று. முதலாம் இராசராசன் தஞ்சைப் பெருங்கோயிலில் 400 தளிச்சேரிப் பெண்டுகளைக் குடியேற்றி, ஒவ்வொருவர்க்கும் ஒரு மனையும் ஆண்டுக்கு 100 கலம் நெல்லும் வகுத்தான் என்பது அக்கோயிற் கல்வெட்டாற் புலனாகும். திருப்பணி செய்வாராகவே அவர் அங்கே எண்ணப்பட்டனர். பிற்காலத்தே பொருளும் அதிகாரமும் உடையார் பலர் அம்மரபினரைத் தம் இன்பத்திற்குரிய பொருளாக்கினர். சிறுமியர்க்குப் பொட்டுக்கட்டும் வழக்கத்தைச் சென்னை மாகாணத்தார் 1947-ஆம் ஆண்டிற் சட்டத்தால் விலக்கினர். அஃது அறமே. ஆயின் குற்றம், பெண்ணை உடைமையெனக் கருதினார்பாலதேயன்றி ஆடலின்பாலதன்று. இழிவுக்கிடையிலும் அடவும் அபிநயமும் அழியாது காத்தவர் அப்பெண்டிரும் அவர்க்குக் கற்பித்த நட்டுவனாருமே. அவர் காத்த கலையால் தம் மக்கட்கு நலந்தேடிக்கொண்டே அவர் வழியினரை இகழ்வார் செய்ந்நன்றி கொன்றவராவர்.

நலங்கருதி ஆடுதல் இழிந்த நோக்கமோ எனின், அன்று. ஆயினும் அது முடிந்த பயனுமன்று. கூத்தப்பிரான் உடுக்கையாற் படைப்பையும், அபயகரத்தாற் காப்பையும், எரியால் அழிப்பையும், ஊன்றிய திருவடியால் மறைப்பையும், எடுத்த திருவடியால் அருளலையும் உணர்த்துகின்றான். அக்கூத்துத் தனக்கென ஒரு பயன் வேண்டியதன்று, உயிர்கள்பொருட்டே நிகழ்வது. அதனை நினைந்து ஆடுவாரிடத்து ‘யான் ஆடுகின்றேன்’ என்னும் செருக்குத் தேயும். செருக்குத் தேயவே அச்சமும் கவலையும் உடன் தேயும். உளநலம் என்று உலகோர் நாடுவது பெரும்பாலும் இதுவே. நெல்லுக்கு இறைத்த நீர் புல்லுக்கும் பொசிதல்போல, உடல்நலம் அதனோடு உடன் வரும்.

ஆகலின், முதியோரையும் மெலியோரையும் ஆடலினின்று விலக்காமையும், அக்கலையைக் காத்தோரை மறவாமையும், உடலைக் கருவியென்று அறிந்து பேணுதலும் சைவ நன்மக்கட்குக் கடனாம் என்க.