வைத்தியச் செலவை நீ எப்போதோ கட்டிவிட்டாய்

தம்பி, உன்னோடுதான் பேசுகிறேன். காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் தறிக்குழியில் கால் வைப்பவனாக இரு, ஒரகடத்துக்கு ஷிப்ட் போகிறவனாக இரு. காலையில் கண் விழித்ததும் கை நடுங்குகிறதா? அந்த நடுக்கத்தை நிறுத்த ஒரு கட்டிங் உள்ளே போக வேண்டியிருக்கிறதா? அப்படியானால் இதை முழுக்கப் படி.

“வைத்தியம் பார்க்கப் பணத்துக்கு எங்கே போவது?” உன் வீட்டில் வருடக்கணக்காக ஓடிக்கொண்டிருக்கும் கேள்வி இது. நான் சொல்கிறேன், அந்தப் பணத்தை நீ எப்போதோ கட்டிவிட்டாய். 2003 நவம்பர் முதல் இந்த மாநிலத்தில் சில்லறை மதுக்கடை நடத்துவது டாஸ்மாக்தான். 2023-24 நிதியாண்டில் மட்டும் அதன் வழியாக அரசுக்குப் போன வரி 45,000 கோடி ரூபாய்க்கு மேல். ஆயத்தீர்வை என்றும் மதிப்புக்கூட்டு வரி என்றும் ஒவ்வொரு குவார்ட்டரிலும் உன் கூலி போயிருக்கிறது. உன் மனைவி எதிர்பார்த்திருந்த பால் காசும், பிள்ளையின் ஸ்கூல் ஃபீஸும் அதில்தான் போயின. அரசு ஆஸ்பத்திரி வாசலில் நீ தலை குனிந்து நிற்க என்ன காரணம் இருக்கிறது? யார் தயவையும் நீ கேட்கவில்லை. கட்டியவன் கேட்கிறாய். நெஞ்சை நிமிர்த்திப் போய்க் கேள்!

இப்படிக் கேட்காமல் இருப்பவர்கள் எத்தனை பேர் தெரியுமா? 2019-ல் வெளியான எய்ம்ஸ் ஆய்வு இந்தியா முழுவதும் வீடு வீடாகப் போய் எடுத்தது. குடிக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதாவது ஒரு சிகிச்சை பெற்றிருக்கிறார். ஆஸ்பத்திரியில் படுத்து வைத்தியம் பார்த்துக்கொண்டவர் 180 பேரில் ஒருவர். மற்றவர்கள் ஒன்று சத்தியம் செய்தார்கள், அல்லது கோயிலில் கயிறு கட்டிக்கொண்டார்கள், அல்லது செத்துப்போனார்கள். அந்த 38-ல் ஒருவனாக நீ இருக்க வேண்டும். இதைத் தவிர இந்தக் கட்டுரைக்கு வேறு நோக்கமே இல்லை.

கடையை மூடட்டும், நானும் நிறுத்திவிடுகிறேன் என்கிறாய். இது அண்ணா பிறந்த ஊர். 1967-ல் முதலமைச்சரானபோதும், வருமானத்துக்காக மதுவிலக்கைக் கைவிட அவர் இசையவில்லை. அவர் மறைந்த இரண்டரை ஆண்டுகளில், 1971-ல், அது தளர்த்தப்பட்டது. அதன்பின் மூடினார்கள், திறந்தார்கள், மறுபடி மூடினார்கள். 2023 ஜூனில்கூட 500 கடைகளை மூடினார்கள். கடைகளை மூடச் சொல்லிப் போராடுகிறவர்கள் போராடட்டும், நானும் அவர்களோடு நிற்பேன். ஆனால் அரசாங்கம் முடிவெடுக்கும்வரை உன் கல்லீரல் காத்திருக்காது.

“மனசு வைத்தால் நாளைக்கே விட்டுவிடுவேன்” என்று சொல்கிறாயே, அந்தப் பேச்சை முதலில் விடு. இது மனசு கெட்டுப்போன கதை இல்லை, மூளையும் உடம்பும் சேர்ந்து பழகிப்போன நோய். டி.டி. கிருஷ்ணமாச்சாரி இந்தியாவின் நிதியமைச்சராக இருந்தவர். அந்தக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவர் சாந்தி ரங்கநாதன். பணத்துக்கோ டாக்டருக்கோ பஞ்சமில்லாத வீடு. ஆனாலும் அவருடைய கணவர் இளம் வயதிலேயே குடிநோயால் இறந்தார். ஏனென்றால் இதை நோய் என்று பார்த்து வைத்தியம் செய்யும் இடம் அன்று இங்கே அநேகமாக இல்லை. அந்த அம்மாள் மூலையில் உட்கார்ந்துவிடவில்லை. 1980-ல் சென்னையில் கணவர் பெயரில் டி.டி. ரங்கநாதன் ஆராய்ச்சி அறக்கட்டளையைத் தொடங்கினார். டி.டி.கே. ஆஸ்பத்திரி என்று ஊர் சொல்வது அதைத்தான். ஆஸ்பத்திரிக்கு வர வசதியில்லாத கிராமத்துக்காரர்களை விட்டுவிடவும் இல்லை. திருவாரூர் மாவட்டம் மஞ்சக்குடியில் முகாம் போட்டு, ஊர்க்காரர்கள் துணையோடு அங்கேயே தங்கவைத்து வைத்தியம் பார்த்தார்கள். 1992-ல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது, 1999-ல் ஐ.நா. விருதும் வந்தது. யோசித்துப் பார் தம்பி, அவ்வளவு பெரிய வீட்டுக்கு அன்று கிடைக்காத வைத்தியம் இன்று உனக்கு ஓ.பி. சீட்டில் கிடைக்கிறது. அதை வாங்காமல் விடுவாயா?

சட்டமும் உன் பக்கம் நிற்கிறது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், குடியாலும் போதைப்பொருளாலும் வரும் மனநிலைப் பாதிப்பை நோய் என்றே வரையறுக்கிறது. அரசு நடத்தும் இடத்தில் சிகிச்சை பெறுவது உன் உரிமை என்கிறது அதன் 18-ஆம் பிரிவு. வறுமைக்கோட்டுக்குக் கீழே இருப்பவரிடம் ஒரு பைசா வாங்கக் கூடாது, அதற்கான அட்டை கையில் இல்லாவிட்டாலும் வாங்கக் கூடாது என்றும் சொல்கிறது. சட்டம் சொன்ன குறைந்தபட்ச சேவை உன் மாவட்டத்தில் இல்லையென்றால், மாவட்டத்துக்குள் வேறிடத்தில் நீ பெறும் சிகிச்சையின் செலவை அரசே ஏற்க வேண்டும். இந்தப் பிரிவின் எண்ணை மனப்பாடம் செய்துகொள். “இங்கே அதெல்லாம் பார்ப்பதில்லை” என்று யாராவது கையை விரித்தால் சத்தம் போடாதே, திரும்பியும் வராதே. பதினெட்டாம் பிரிவு என்று சொல். மனுவாக எழுதிக் கொடு.

எங்கே போவது? காஞ்சிபுரம் ரயில்வே சாலையில் இருக்கும் அரசு தலைமை மருத்துவமனைக்குப் போ. மனநலப் பிரிவு என்று சொல்லிச் சீட்டு வாங்கு. அந்தப் பெயரைக் கேட்டதும் நீ கூசுவாய் என்று தெரியும். பைத்தியம் என்று தெருவில் பேசுவார்களே என்று பயப்படுவாய். நீ ரோட்டோரம் விழுந்து கிடந்ததை அதே தெரு பார்த்திருக்கிறது. அப்போது வராத வெட்கம் மருந்துச் சீட்டோடு நடக்கும்போது எதற்கு? கூடுதல் வசதி வேண்டுமென்றால் செங்கல்பட்டு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது, ரயிலிலேயே போய்விடலாம். அதற்கும் மேலே வேண்டுமென்றால் சென்னை கீழ்ப்பாக்கத்து அரசு மனநலக் காப்பகம். 2025 பிப்ரவரியில் ‘கலங்கரை’ என்ற பெயரில் 25 போதை மீட்பு மையங்களை மாநில அரசு திறந்தது. உனக்குப் பக்கத்தில் இருப்பது எது என்று ஆஸ்பத்திரியிலேயே கேள். வாசல்வரை வரத் தயக்கமா? போனை எடு. 14446 போதை மீட்புக்கான தேசிய இலவச எண். 14416 டெலி மானஸ் மனநல உதவி எண், தமிழில் பேசலாம்.

கஞ்சா, மாத்திரை என்று போன பிள்ளைகளுக்கும் சொல்கிறேன். போலீஸுக்குப் பயந்து ஒளியாதே. போதைப்பொருள் சட்டத்தின் 64-ஏ பிரிவு உன்னைப் போன்றவனுக்காகவே இருக்கிறது. உபயோகித்ததற்காகவோ சிறிய அளவு வைத்திருந்ததற்காகவோ வழக்கு வந்தாலும், நீயாக முன்வந்து அரசு அங்கீகரித்த இடத்தில் சிகிச்சையை முடித்தால், வழக்கிலிருந்து விலக்குப் பெற அது வழி செய்கிறது.

இனி, அம்மா, உங்களிடம் பேச வேண்டும். தறியில் உங்கள் கணவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கோர்வை வாங்கிக் கொடுக்கிறவர் நீங்கள்தான். கோர்வைச் சேலை ஒற்றை ஆளால் நெய்து முடிவதில்லை. ஒருவர் குடித்துவிட்டுக் கிடந்தால் இரண்டு பேர் கூலி போகிறது. பாவு தறியிலேயே கிடக்க, முதலாளியிடம் வாங்கிய அட்வான்ஸ் மட்டும் ஏறிக்கொண்டே போகும். அந்த அவசரத்தில் நீங்கள் செய்யக்கூடிய இரண்டு காரியங்களைக் கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன், செய்யாதீர்கள்.

ஒன்று, “குடிப்பவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுக்கலாம்” என்று சுவரிலும் போனிலும் வரும் விளம்பரத்தை நம்பிப் பொடியும் மாத்திரையும் வாங்காதீர்கள். டைசல்ஃபிரம் என்ற மாத்திரை உண்மையிலேயே டாக்டர்கள் கொடுப்பது. அதைச் சாப்பிட்டவர் குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி எடுத்து, ரத்த அழுத்தம் விழும். உயிரே போகலாம். அதனால்தான் சாப்பிடுகிறவருக்குத் தெரிந்து, அவர் சம்மதித்து, இதயத்தையும் கல்லீரலையும் சோதித்த பிறகே அதைக் கொடுக்கிறார்கள். ரசத்தில் கலந்து கொடுப்பது வைத்தியம் இல்லை.

இரண்டு, தாலியை அடகு வைத்தோ இன்னொரு அட்வான்ஸ் வாங்கியோ முன்பின் தெரியாத மையத்தில் கட்டாதீர்கள். நல்ல தனியார் மையங்கள் இருக்கின்றன, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் ராத்திரியில் வேன் அனுப்பி ஆளைத் தூக்கிப்போகிறோம் என்கிறவர்களிடம் ஜாக்கிரதை. மாநில மனநல ஆணையத்தின் பதிவுச் சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள், எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். மனநல டாக்டர் எந்தெந்த நாள் வருகிறார்? மூன்று மாதம் பார்க்கவே வரக்கூடாது என்கிறார்களா? மருந்துக்கும் சாப்பாட்டுக்கும் சேர்த்து மொத்தம் எவ்வளவு என்று எழுத்தில் தருவார்களா? பாதியில் அழைத்துப்போனால் பணம் திரும்புமா? இவற்றுக்கு முகம் கொடுத்துப் பதில் சொல்லாத இடத்தில் உங்கள் ஆளை விடாதீர்கள். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 மனநோயாளிகள் தீயில் கருகினார்கள். ஓட முடியவில்லை அவர்களால். சங்கிலியால் கட்டுவதை இன்றைய சட்டம் எந்த வடிவிலும் தடை செய்கிறது. அடித்தால் திருந்துவான் என்கிற மையம் எதுவாக இருந்தாலும், அது சட்டத்துக்கும் வைத்தியத்துக்கும் வெளியே நிற்கிறது.

ஆஸ்பத்திரி இன்ஷூரன்ஸ் எடுத்திருக்கிறோம் என்பவர்கள் பத்திரத்தைப் பிரித்துப் படியுங்கள். மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்று சட்டம் சொன்னாலும், குடி, போதைப் பழக்கத்துக்கான சிகிச்சையை விலக்கும் வரி பாலிசிகளில் வழக்கமாக இருக்கிறது. பணம் வந்துவிடும் என்று நம்பிப் படுக்கையில் சேர்த்துவிட்டுக் கடைசியில் கை பிசைய வேண்டாம்.

ஒரு கணக்கு போடுவோம். நாளைக்கு ஒரு குவார்ட்டர், 140 ரூபாய் என்றே வைத்துக்கொள்வோம். மாதம் 4,200, வருடம் 51,100. தண்ணி பாட்டிலும் சைடிஷும் இதில் சேராது, நின்றுபோன தறியின் கூலியும் சேராது. இவ்வளவு பெரிய தொகையை, எந்த பேங்க் லோனும் இல்லாமல், வருடா வருடம் புரட்டிய கெட்டிக்காரன் நீ. மழையில் குழித்தறிக்குள் ஈரம் ஏறி வேலை நின்ற மாதத்திலும் புரட்டியிருக்கிறாய். செங்கல்பட்டு போய்வரும் டிக்கெட் காசு உன்னால் புரட்ட முடியாதா என்ன? உன் திறமையில் எனக்குச் சந்தேகமே இல்லை. அது இத்தனை நாள் தப்பான வாசலில் நின்றது, அவ்வளவுதான்.

முதல் சில நாள் மருந்து உடம்பைத் தேற்றும். அதற்குப் பிறகு சாயங்காலம் ஆறு மணி வரும். அந்த நேரத்துக்கு ஒரு துணை வேண்டும். 1935-ல் அமெரிக்காவில் இரண்டு குடிநோயாளிகள் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு எழுந்ததில் பிறந்தது ஏ.ஏ. எனப்படும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ். தமிழ்நாட்டில் தமிழிலேயே கூட்டம் நடக்கிறது. கட்டணம் கிடையாது. முழுப் பெயர் சொல்ல வேண்டாம், ஜாதி கேட்கமாட்டார்கள். குடியை நிறுத்த ஆசை இருந்தால் போதும். குடும்பத்தாருக்கு அல்-அனான் தனியாக இருக்கிறது. அம்மா, அவர் வரமாட்டேன் என்று முறைத்தாலும் நீங்கள் போங்கள். உங்கள் தூக்கமும் உங்கள் ரத்தக்கொதிப்பும் முதலில் உங்களுடையவை.

ஆறு மாதம் சுத்தமாக இருந்துவிட்டு, பங்காளி வீட்டுக் கல்யாணத்தில் மறுபடி குடித்துவிடுகிறாய் என்று வை. ஊர் என்ன சொல்லும்? “பார்த்தாயா, நாய் வாலை நிமிர்த்த முடியுமா?” என்னும். சொல்லட்டும்! சிகிச்சைக்குப் பிறகு மறுபடி தொடுகிறவர்கள் நூற்றுக்கு 40 முதல் 60 பேர் என்று மருத்துவம் கணக்கு வைத்திருக்கிறது. ரத்தக்கொதிப்புக்காரர்களும் ஆஸ்துமாக்காரர்களும் மறுபடி மோசமாவதும் ஏறக்குறைய இதே அளவில்தான். சர்க்கரை ஏறியவரை யாரும் மானங்கெட்டவன் என்று திட்டுவதில்லை, டாக்டரிடம் மறுபடி அழைத்துப்போகிறார்கள். நீயும் மறுநாள் காலையில் அதே கவுண்டரில் நில். விழுந்தவன் என்று எண்ணிக்கொண்டு வீட்டில் சுருண்டு கிடந்தால்தான் தோல்வி.

இவ்வளவு படித்த சூட்டில் இன்று ராத்திரியே பாட்டிலை உடைத்துவிடாதே. இது முக்கியம், கவனமாகக் கேள். வருடக்கணக்காகத் தினமும் குடித்தவன் திடீரென்று நிறுத்தினால் முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டு மூன்று நாளில் ஆள் அடையாளம் தெரியாமல் பிதற்றும் நிலை வரலாம், உயிருக்கே ஆபத்து அது. மாலை போட்டுக்கொண்டு விரதத்தோடு நிறுத்துகிறவர்களுக்கும் இதே எச்சரிக்கைதான். சாமியை நம்பு, ஆனால் மாலை போடுமுன் டாக்டரைப் பார்த்துவிட்டுப் போ. நடுக்கத்துக்கும் வலிப்புக்கும் மாத்திரை இருக்கிறது, குடியில் வற்றிப்போன வைட்டமின் பி1-க்கு ஊசி இருக்கிறது. வீட்டில் வலிப்பு வந்துவிட்டால் கையில் இரும்பைத் திணிக்காமல், ஒருக்களித்துப் படுக்கவைத்து 108-ஐக் கூப்பிடுங்கள்.

நாளைக் காலை போகும்போது ஆதார் அட்டையை எடுத்துக்கொள், சாப்பிடும் மற்ற மாத்திரைகளை அட்டையோடு எடுத்துக்கொள். மனைவியோ அண்ணனோ ஒருவர் கூட வரட்டும். தினமும் எவ்வளவு, கடைசியாக எத்தனை மணிக்கு, முன்பு எப்போதாவது வலிப்பு வந்ததா என்று டாக்டர் கேட்பார். மருந்தின் அளவை நீ சொல்லும் பதிலை வைத்துத்தான் அவர் முடிவு செய்வார். பாதியைக் குறைத்துச் சொல்லாதே. முழுசாகச் சொல்.