எதிரணி வைத்திருக்கும் நினைவு

ஓர் உதைபந்தாட்ட வீரரின் ஆற்றலைச் சரியாக அறிந்திருப்பவர்கள் யார் என்னும் வினாவுக்கு, அவருடைய சொந்தக் கழகத்தின் இரசிகர்களைவிட எதிர்க் கழகத்தின் இரசிகர்களே என்று விடை சொல்ல வேண்டியிருக்கிறது. சொந்தக் கழகத்தார் அவரை அன்பினால் அறிகின்றனர். அன்போ தவறிய உதைகளை மன்னித்து மறந்துவிடும். எதிர்க் கழகத்தார் அவரை அச்சத்தினால் அறிகின்றனர். பந்து அவருடைய காலுக்கு வந்த ஒவ்வொரு தடவையும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்திருந்தவர்கள் என்பதால், அவர் எந்தப் பக்கம் திரும்புவார், எந்தக் காலால் அடிப்பார் என்பதெல்லாம் ஆண்டுகள் பல கழிந்த பின்னும் அவர்கள் மனத்தைவிட்டு அகல்வதில்லை. அத்தகைய வீரர் ஓய்வுபெற்றுக் கொடிய நோயில் விழும்போது எதிர்த் தரப்பிலிருந்து வரும் மரியாதையை இரக்கம் என்று சொல்லி முடித்துவிடுவது வழக்கமாயினும், அந்த விளக்கம் போதுமானதன்று.

தமிழர் நினைவில் வைத்திருக்க வேண்டிய, ஆனால் பெரும்பாலும் மறந்துவிட்ட ஒரு பெயர் துளசிதாஸ் பலராம். செகந்தராபாத்தை அடுத்த அம்முகுடாவில் தமிழ்ப் பெற்றோருக்கு 1936 இல் பிறந்த அவர், கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் கழகத்தில் புகழ்பெற்று, 1961 இல் அதன் தலைவராக விளங்கினார். 1960 இல் ரோம் ஒலிம்பிக்கில் ஹங்கேரிக்கு எதிராகவும் பெருவுக்கு எதிராகவும் கோல் அடித்த அவர், 1962 இல் ஜகார்த்தாவில் ஆசிய விளையாட்டுப் போட்டியின் தங்கப் பதக்கத்தை வென்ற இந்திய அணியிலும் இடம்பெற்றிருந்தார். அந்த அணியின் தலைவர் சுனி கோஸ்வாமி, ஈஸ்ட் பெங்காலின் பரம எதிரியான மோகன் பகானைத் தவிர வேறு கழகத்தை அறியாதவர். கொல்கத்தாவில் எதிரெதிரே நின்ற இருவரும் நாட்டுக்காக ஆடியபோது ஒரே முன்வரிசையில் நின்றனர். ஆனால் அடுத்த ஆண்டே, 30 வயதைக் காணும் முன்பே, பலராமின் ஆட்டம் முடிந்துபோனது. அவரைத் தாக்கியது நுரையீரல் உறையழற்சி, அதாவது நுரையீரலைச் சுற்றியுள்ள மெல்லிய சவ்வுகள் அழற்சியுற்று ஒன்றோடொன்று உராய்வதனால் மூச்சை இழுக்கும்போதெல்லாம் நெஞ்சில் குத்தும் வலியைத் தரும் நோய். ஓடுவதையே தொழிலாகக் கொண்ட ஒருவருக்கு இதைவிடக் கொடிய தீர்ப்பு இருக்க முடியாது. அதன் பின் ஏறத்தாழ 60 ஆண்டுகள் அவர் உயிர் வாழ்ந்தார்; ஹூக்ளி ஆற்றங்கரையிலுள்ள உத்தர்பாராவில் தனியாக வாழ்ந்து, 2023 பெப்ரவரி 16 ஆம் திகதி, 86 ஆவது வயதில் காலமானார்.

கொல்கத்தாவின் பகை எத்தகையது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். 1889 இல் தோன்றிய மோகன் பகான் மேற்கு வங்கத்து மண்ணின் மைந்தர்களுடையது என்றும், 1920 இல் தோன்றிய ஈஸ்ட் பெங்கால் கிழக்கிலிருந்து இடம்பெயர்ந்து வந்தவர்களுடையது என்றும் கொள்ளப்படுவதால், இறால் மோகன் பகானின் வெற்றிக்கும் இலிஷ் மீன் ஈஸ்ட் பெங்காலின் வெற்றிக்கும் உரிய உணவாகிவிடும் அளவுக்கு அந்தப் பகை அடுக்களை வரை சென்றிருக்கிறது. 1980 ஓகஸ்ட் 16 ஆம் திகதி ஈடன் தோட்ட மைதானத்தில் இக்கழகங்கள் மோதியபோது ஏற்பட்ட கலவரத்திலும் நெரிசலிலும் 16 இரசிகர்கள் மாண்டனர். அவர்கள் நினைவாக ஆண்டுதோறும் அதே நாளில் இரத்ததான முகாம் நடத்தப்படுகிறது. பெறப்போகும் நோயாளி எந்தக் கழகத்தைச் சேர்ந்தவர் என்று யாரும் கேட்பதில்லை.

ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் இன்னும் வியப்பான ஓர் இணைவைக் காணலாம். அங்கே ரேஞ்சர்ஸ் புரட்டஸ்தாந்தரின் கழகமாகவும் செல்டிக் அயர்லாந்து வழிவந்த கத்தோலிக்கரின் கழகமாகவும் நூறாண்டுக்கும் மேலாக மோதி வருகின்றன. 2005 இல் வீரர்களே வாக்களித்துத் தெரிவுசெய்யும் ஆண்டின் சிறந்த வீரர் விருதை ரேஞ்சர்ஸின் பெர்னாண்டோ ரிக்சனும் செல்டிக்கின் ஜோன் ஹார்ட்சனும் பகிர்ந்துகொண்டனர். ஹார்ட்சனுக்கு 2009 இல் விரைப் புற்றுநோய் கண்டு மூளை வரை பரவியது, அவர் பிழைத்தார். ரிக்சன் 2013 இல் நெதர்லாந்துத் தொலைக்காட்சியில் தோன்றி, ஏற்கெனவே குழறத் தொடங்கியிருந்த நாவினால், தமக்கு இயக்க நரம்பணு நோய் வந்திருப்பதை அறிவித்தார். மூளையின் கட்டளையைத் தசைகளுக்குக் கொண்டு செல்லும் நரம்புக் கலங்கள் ஒவ்வொன்றாக அழிய, நடை, பேச்சு, விழுங்குதல், மூச்சு எனப் படிப்படியாக இழக்கச் செய்யும் அந்நோய், பெரும்பாலும் அறிவை மட்டும் தெளிவாக விட்டுவைக்கும். களத்தில் முரடராக அறியப்பட்ட அவரை வெறுத்துக் கூச்சலிட்ட செல்டிக் இரசிகர்களிடமிருந்தும் அவருக்கு ஆறுதல் வந்தது. 2019 இல், 43 வயதில் அவர் இறந்தார்.

இரக்கம் நோயாளியின் இன்றைய உடலை மட்டுமே பார்க்கிறது. சாப்பிட்டீர்களா, மருந்து எடுத்தீர்களா, தூக்கம் வந்ததா என்று பார்க்க வருபவர்கள் கேட்கும் கேள்விகள் யாவும் அன்பானவையே. எனினும் அவற்றைக் கேட்டுக் கேட்டே ஒருவர் நோயாளியாக மட்டும் எஞ்சிவிடுகிறார். தோற்றவன் வந்து தன் தோல்வியைச் சொல்லும்போதுதான் வென்ற உடல் ஒரு கணம் திரும்பி வருகிறது, ஏனெனில் அவன் பொய் சொல்வதற்குக் காரணமில்லை.

மாத்தளை மாவட்டத்து எல்கடுவ போன்ற தேயிலை மலைகளில் இதை அறிவதற்குக் கழகங்களும் அரங்குகளும் வேண்டியதில்லை. நல்லதுக்குப் போகாவிட்டாலும் கெட்டதுக்குப் போக வேண்டும் என்னும் வழக்கு இங்கே இன்னும் உயிரோடிருக்கிறது. ஆயினும் அந்த வழக்கு சாவு வரை காத்திருக்கிறது, பலராம் வாழ்ந்தது போன்ற நீண்ட ஆண்டுகளுக்கு அதில் இடமில்லை. அந்த இடத்தை நிரப்புவது பழைய எதிரணிதான். ஒரு காலத்தில் தோட்டத்தின் மேற்பிரிவு அணிக்கு ஆடி, இன்று நெஞ்சு நோயோடு லயத்து இஸ்தோப்பில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஒருவரை, விடியற்காலைப் பனியில் பிரட்டுக்குப் போகும் கீழ்ப்பிரிவுக்காரர் கடந்து செல்ல நேர்ந்தால், சுகம் விசாரித்து முடிந்த பின்னும் சற்று நிற்பார். “அன்னைக்கு நீங்க எடது காலால அடிச்சீங்களே அண்ணே, எங்க கோல்கீப்பர் அந்தப் பந்தக் கண்ணால கூட பாக்கல” என்பார். கம்பளிக்குள்ளே அந்த இடது கால் ஒரு தடவை அசையும்.